கணக்குக் கேட்பது குற்றமா?

(சின்னாளப்பட்டியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மேடைக்கு ஏற்றதல்ல என்று சிலர் எண்ணக்கூடும். விலைவாசியைப் பற்றிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். மொழியைப் பற்றிப் பேசினால் முழக்கம் எழும். நான் பேச வந்திருப்பதோ ஒரு கணக்கைப் பற்றி. ஓர் அரசு அமைப்பு, இன்னோர் அரசு அமைப்பின் ஆராய்ச்சிக்கு ஆளும் இடமும் கொடுத்துத் துணை நிற்கிறது. தன் கைப்பணத்தைச் செலவிடுகிறது. பிறகு, 'நான் செலவிட்டதைத் திருப்பிக் கொடு' என்று கேட்கிறது. கேட்டது கிடைக்கிறதா? கிடைத்தால் எப்போது கிடைக்கிறது? கிடைக்காத மாதங்களில் யார் வீட்டு அடுப்பு அணைகிறது? இவைதாம் இன்றைய கேள்விகள்.

'இதிலே என்ன இருக்கிறது? இரண்டும் அரசுதானே! ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையிலே போடுவதற்கு ஒரு கூட்டமா?' என்று கேட்பார்கள். சட்டை ஒருவருடையதாக இருந்தால் அந்தக் கேள்வி சரி. இங்கே சட்டைகள் இரண்டு. ஒரு சட்டையின் பை ஆழமானது. வருமான வரியும், சுங்க வரியும் விழுகின்ற பை. இன்னொரு சட்டையின் பை சிறியது. ஆனால் பள்ளிக்கூடமும், மருத்துவமனையும், பாசனமும், பயிரும் அந்தச் சிறிய பையை நம்பித்தான் இருக்கின்றன. சிறிய பையிலிருந்து எடுத்துச் செலவிட்டது பெரிய பையிலிருந்து திரும்பி வரவில்லையென்றால், அதற்குப் பெயர் பங்களிப்பு அல்ல, தோழர்களே! அதற்குப் பெயர் வட்டியில்லாக் கடன். கேட்காமல் வாங்கிக்கொண்ட கடன்.

நெசவாளர் அறிந்த கணக்கு

சின்னாளப்பட்டி மக்களுக்கு இதை விளக்கிக் கூற நான் தேவையில்லை. இந்த ஊரின் சேலை நாடெங்கும் பெயர் பெற்றது. அந்தச் சேலையை நெய்தவர்கள், கூட்டுறவு சங்கத்தின் தள்ளுபடிக் கணக்கை நன்கு அறிவார்கள். பண்டிகைக் காலத்தில் கைத்தறித் துணிக்குத் தள்ளுபடி தரவேண்டும் என்பது அரசின் கொள்கை, நல்ல கொள்கை. நூறு ரூபாய்ச் சேலையை எண்பது ரூபாய்க்கு விற்றால், மிச்சம் இருபது ரூபாயை அரசு பின்னர் சங்கத்திற்குத் தரவேண்டும். ஆனால் வாங்குபவரிடம் அந்த இருபது ரூபாயை இன்றைக்கே விட்டுக்கொடுப்பது யார்? சங்கம். அரசின் ஆணை வந்து, கணக்கு எழுதி, தணிக்கை முடிந்து, பணம் வந்து சேரும்வரை நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் சங்கம் எங்கே போகும்? வங்கிக்குப் போகும். கடன் வாங்கும். கடனுக்கு வட்டி கட்டும். அந்த வட்டி கடைசியில் யார் தலையிலே விழும்? தறியிலே உட்கார்ந்திருப்பவர் தலையிலே!

கொள்கை ஒருவருடையது, கொடுக்கும் கை இன்னொருவருடையது, காத்திருக்கும் வயிறு மூன்றாமவருடையது. இந்த மூன்றையும் நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போகும் ஆராய்ச்சிக் கணக்கும் இதே பாவிலே நெய்யப்பட்டதுதான்.

எழுபத்தைந்தும் இருபத்தைந்தும்

1929-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் மத்திய அரசின் அமைப்பு. நாட்டின் பல மண்களில், பல தட்பவெப்பங்களில், ஒரே பயிரை ஒரே முறையில் சோதித்துப் பார்த்தால்தான் நல்ல இரகத்தைக் கண்டறிய முடியும் என்பதால், 1957-ஆம் ஆண்டில் மக்காச்சோளத்துக்கென ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை அது தொடங்கியது. பிறகு நெல், சிறுதானியம், பருத்தி, பழம், காய்கறி, கால்நடை என்று இத்தகைய திட்டங்கள் பெருகின. அறிவுக்கு உகந்த ஏற்பாடு. அதிலே குறை கூற ஏதுமில்லை.

திட்டத்தை வகுப்பது டெல்லி. சோதனை நடக்கும் வயலோ மாநிலங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில், 1971-ஆம் ஆண்டு கோவையில் பல்கலைக்கழகமாக உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்களில் இத்திட்டங்கள் நடக்கின்றன. நிலம் பல்கலைக்கழகத்துடையது. கட்டடம் பல்கலைக்கழகத்துடையது. ஆராய்ச்சியாளரும் களப்பணியாளரும் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள். செலவில் நூற்றுக்கு 75 பங்கு மத்தியக் கழகம் தரவேண்டும். நூற்றுக்கு 25 பங்கு மாநிலம் போடவேண்டும். இதுதான் உடன்பாடு. மலைமேலே மன்னவனூரில் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறதே, அது மத்தியக் கழகத்தின் சொந்த நிலையம். அதன் செலவை அந்தக் கழகமே ஏற்கிறது. அங்கே இந்தப் பங்கு வழக்கு இல்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தின் வயலில் நடக்கும் ஆராய்ச்சிக்குத்தான் பங்குக் கணக்கு.

கவனியுங்கள்! வயலில் கண்டறியப்படும் உண்மை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கே நோயைத் தாங்கி நின்ற இரகம், ஆந்திரத்துக்கும் பயன்படும், ஒடிசாவுக்கும் பயன்படும். பயன் அனைவருக்கும் என்பதால்தான் பெரும்பங்கைப் பொதுக்கருவூலம் ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்த 75 பங்கு யாரும் இரங்கிப் போட்ட பிச்சை அல்ல. வேலைக்கு ஈடான தொகை. நெய்து கொடுத்த சேலைக்குக் கூலி எப்படியோ, அப்படி!

அரசியல் சட்டத்தையும் சற்றுப் புரட்டிப் பாருங்கள். ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 14-ஆவது இனம் என்ன கூறுகிறது? வேளாண்மை, வேளாண்மைக் கல்வி, வேளாண்மை ஆராய்ச்சி, மூன்றும் மாநிலத்தின் பொறுப்பு என்று கூறுகிறது. மத்தியப் பட்டியலின் 65-ஆவது இனம், ஆராய்ச்சியை வளர்க்கும் மத்திய அமைப்புகளை நடத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 66-ஆவது இனம், ஆராய்ச்சி நிலையங்களின் தரத்தை ஒருங்கிணைக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அதாவது, வயல் மாநிலத்திடம், ஒருங்கிணைப்பு மத்தியிலே. இரண்டு பேரும் கூட்டாளிகள். கூட்டாளிகளுக்குள் கணக்கு வழக்கு உண்டு. ஒருவர் கொடுக்க ஒருவர் கைகட்டி நிற்கும் வழக்கு இல்லை.

பயிர் காத்திருக்குமா?

'சரி, பணம் சிலமாதம் தாமதமானால் என்ன? கடைசியில் வந்துவிடுகிறதே!' என்பார்கள். பாலத்துக்கு அது பொருந்தலாம். இந்த ஆண்டு கட்டாத தூணை அடுத்த ஆண்டு கட்டலாம். ஆராய்ச்சிக்கு அது பொருந்தாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள் முன்னோர். ஆடியிலே விதைக்கவேண்டிய சோதனைப் பாத்திக்கு ஐப்பசியிலே பணம் வந்தால், அந்தப் பணம் வந்தும் வராததே. ஒரு பருவம் தவறினால் ஓராண்டு போயிற்று. மூன்றாண்டு தொடர்ந்து பார்க்கவேண்டிய சோதனையில் நடுவிலே ஓராண்டு விடுபட்டால், முன்னும் பின்னும் எழுதிய கணக்குகளை ஒப்பிடுவதே கடினம்.

அத்துடன் முடியவில்லை. சோதனைப் பாத்தியிலே களை எடுப்பவர் யார்? நாற்று நடுபவர் யார்? ஒவ்வொரு செடியின் உயரத்தையும் அளந்து ஏட்டிலே குறிப்பவர் யார்? நிரந்தர ஊழியருக்குப் பல்கலைக்கழகம் எப்படியாவது சம்பளம் புரட்டிக் கொடுத்துவிடும். தினக்கூலிப் பெண்ணுக்கும், திட்டக் காலத்துக்கு மட்டும் அமர்த்தப்பட்ட இளைஞருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. 'பங்குத் தொகை வரவில்லை, வந்ததும் தருகிறோம்' என்ற பதிலைக் கொண்டுபோய் மளிகைக் கடையிலே நீட்டினால் அரிசி கொடுப்பார்களா?

இன்னும் ஒன்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த பொது நிதி விதிகளில், மானியமாகக் கொடுத்த பணம் வங்கியிலே கிடந்து வட்டி ஈட்டினால், அந்த வட்டியைத் தவறாமல் இந்தியத் தொகுப்பு நிதியிலே செலுத்திவிடவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான், பொதுப்பணத்தின் வட்டி பொதுப்பணமே. ஆனால் கொடுக்கவேண்டிய பங்கைக் காலம் கடந்து கொடுத்தால், காத்திருந்தவருக்கு வட்டி உண்டு என்று அதே விதியிலே ஒரு வரி உண்டா? இல்லை. என் பணம் உன்னிடம் இருந்தால் வட்டியோடு வரவேண்டும். உன் பணம் என்னிடம் இருந்தால் வரும்போது வரட்டும்! இந்தத் துலாக்கோலுக்குத் தட்டு ஒன்றுதான், தோழர்களே!

ஆத்தூர் வட்டாரமும் கோடைக்கானல் குன்றும்

ஆராய்ச்சிக்குத் துணை நிற்பது நமக்குப் புதிதா? இந்த ஆத்தூர் வட்டாரத்தின் வரலாறே அதற்குச் சான்று. 1947-ஆம் ஆண்டு அக்டோபரில், டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் இதோ பக்கத்திலே காந்திகிராமத்தை நிறுவினார்கள். 1959-ஆம் ஆண்டில் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. மத்திய அரசு, சென்னை மாநில அரசு, அமெரிக்காவின் போர்டு அறக்கட்டளை ஆகிய மூன்றும் அதற்குத் துணை நின்றன. கிராமத்துத் தாய்மார்களின் நலம், குடும்ப நலம், சுகாதாரப் பணியாளரின் வேலை முறை ஆகியவற்றை ஆராய்ந்த அம்முயற்சியை ஒட்டி, 1964-ஆம் ஆண்டில் காந்திகிராமத்தில் கிராமிய சுகாதார நிலையம் எழுந்தது. இந்த வட்டாரத்தின் அனுபவம் நாட்டின் பிற பகுதிகளுக்கும் பாடமாயிற்று.

அந்த ஆராய்ச்சியின் மூலப்பொருள் எது? வீடு வீடாகச் சென்ற செவிலியரின் நடையும், கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையோடு பதில் சொன்ன தாய்மாரின் நேரமும்தான். அறிக்கை அச்சாகி ஊர் ஊராகச் செல்லும். செவிலியரின் கால்வலியை யாரும் அச்சிடுவதில்லை. ஆராய்ச்சிக்குத் துணை நிற்பது என்றால் இதுதான் பொருள். ஆகவே துணை நின்றவர் செலவுக் கணக்கை நீட்டும்போது, 'இதென்ன சில்லறை விவகாரம்' என்று முகம் சுளிப்பவர்கள், ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்பதையே அறியாதவர்கள்.

இன்னொரு பழைய நிகழ்ச்சியையும் கூறுகிறேன். நம் மாவட்டத்தின் மலையுச்சியில், கோடைக்கானலில், சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்திற்குப் பிறகு, சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1895-ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அங்கே அடிக்கல் நாட்டினார். சென்னை நகரில் நெடுங்காலமாக நடந்துவந்த வானாய்வு நிலையம் மாகாண அரசின் பொறுப்பில் இருந்தது. ஆனால் சூரியனை ஆராய்வதன் பயன் இந்தியா முழுமைக்கும் உரியது. ஆகவே 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், வானாய்வுப் பொறுப்பு மாகாண அரசிடமிருந்து இந்திய அரசுக்கு மாற்றப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 1909-இல், சூரியப் புள்ளிகளில் வாயு எவ்வாறு இயங்குகிறது என்பதை எவர்ஷெட் அங்கே கண்டறிந்தார். உலகம் அதை அவர் பெயராலேயே அழைக்கிறது.

வெள்ளையர் ஆட்சியைப் புகழ நான் இதைச் சொல்லவில்லை. பஞ்சத்தில் மக்களைச் சாகவிட்ட ஆட்சி அது. ஆனால் இந்த ஒரு காரியத்தில் கணக்குத் தெளிவாக இருந்தது. கருவி யாரிடமோ, பணப்பையும் அவரிடமே இருந்தது. ஆராய்ச்சி யாருடையதோ, செலவும் அவருடையதாக இருந்தது.

கப்பல் ஒருவரிடம், பணம் ஒருவரிடம்

கருவியையும் பணப்பையையும் பிரித்து வைத்தால் என்ன நடக்கும்? அதற்குச் செல்வம் கொழிக்கும் அமெரிக்காவே சான்று. தென்துருவத்தில் அந்நாட்டின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. ஆராய்ச்சியை நடத்துவது தேசிய அறிவியல் நிறுவனம் என்ற அரசு அமைப்பு. அங்கே உணவும் எண்ணெயும் கொண்டுசெல்லப் பனிக்கட்டியை உடைத்து வழி செய்யவேண்டும். அந்தக் கப்பல்கள் கடலோரக் காவல்படையினுடையவை; அதுவும் அரசு அமைப்பு. 2006-ஆம் நிதியாண்டில் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். கப்பலும் மாலுமியும் காவல்படையிடமே இருக்கட்டும். கப்பலை ஓட்டுவதற்கும் பராமரிப்பதற்குமான பணத்தை, ஐந்து கோடி டாலருக்குச் சற்றுக் குறைவான தொகையை, அறிவியல் நிறுவனத்தின் பெயரில் எழுதிவிடுவோம். காவல்படை செலவிட்டுவிட்டு, அந்நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள்.

காகிதத்திலே அழகான ஏற்பாடு! கடலிலே என்ன ஆயிற்று? அறிவியல் நிறுவனத்துக்குக் கப்பல் என்பது செலவு, குறைக்கவேண்டிய செலவு. காவல்படைக்குக் கப்பல் என்பது கடமை. ஆனால் பணம் கையில் இல்லை. கப்பல்களோ முப்பதாண்டு பழையவை. 'போலார் ஸ்டார்' என்ற கப்பல் 2006-இலேயே கரையிலே கட்டப்பட்டது. 'போலார் சீ' என்ற கப்பல் 2010-இல் இயந்திரம் பழுதாகி நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் சுவீடன் நாட்டுக் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். 2011-இல் சுவீடன் கையை விரித்தது. பிறகு ரஷ்யக் கப்பலைத் தேடிப் போனார்கள். வல்லரசு என்று மார்தட்டும் நாடு, பனியை உடைக்க ரஷ்யாவின் கப்பலை வாடகைக்கு எடுத்தது! பணத்தைக் கப்பல் வைத்திருப்பவரிடமே திருப்பிக் கொடுங்கள் என்று அந்நாட்டு அறிஞர் குழு முன்பே கூறியிருந்தது. இந்த அவல நிலைக்குப் பழைய கப்பல்களின் வயதும் ஒரு காரணம்தான். ஆனால் பழுது பார்க்கவேண்டியவர் கையிலே பணம் இல்லாததும், பணம் வைத்திருந்தவருக்குப் பழுது பார்க்கும் பொறுப்பு இல்லாததும் பெருங்காரணம்.

டாலர் குவிந்த நாட்டிலேயே இந்தக் கதி என்றால், பற்றாக்குறை பட்ஜெட் போடும் மாநிலத்தின் பல்கலைக்கழகம் என்ன பாடு படும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பில் எந்தத் திசையில் பறக்கிறது?

'அரசுக்கும் அரசுக்கும் இடையே பில் போடுவது ஒற்றுமைக்கு அழகா?' என்று உபதேசம் செய்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அண்டை மாநிலத்தை நினைவூட்டுகிறேன். 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் கேரளத்தின் வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. விமானப்படையின் வீரர்கள் வந்து மக்களை மீட்டார்கள். அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள், 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ள மீட்பையும் பழைய ஆண்டுகளின் பாக்கியையும் சேர்த்து, 132 கோடியே 62 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று மத்தியப் பாதுகாப்புத் துறையிலிருந்து கேரள அரசுக்குக் கணக்கு வந்தது.

துயரத்தில் செய்த உதவிக்கே பில் அனுப்பலாம் என்றால், தூரத்தில் உள்ள துறைக்காகச் செய்த ஆராய்ச்சிக்குக் கணக்கு நீட்டுவது எப்படிக் குற்றமாகும்? மத்தியிலிருந்து மாநிலத்துக்கு வந்தால் அது நிதி ஒழுங்கு. மாநிலத்திலிருந்து மத்திக்குப் போனால் அது தொல்லையா?

ஆராய்ச்சியைத் தாண்டியும் இதே கதைதான். பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய 2,151 கோடி ரூபாய்க்காகத் தமிழ்நாடு அரசு 2025-ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கில் 6 சதவீத வட்டியும் கேட்டது. வட்டி கேட்டதிலேதான் பொருள் இருக்கிறது. 'இது தானம் அல்ல, நிலுவை' என்பதை அந்த ஒரு சொல் உலகறியச் சொல்கிறது.

இது புதிய கொள்கையும் அல்ல. மத்திய அரசு தன் அதிகாரப் பணிகளை மாநிலத்திடம் ஒப்படைத்தால், அதனால் ஏற்படும் கூடுதல் நிர்வாகச் செலவை மத்திய அரசு கொடுக்கவேண்டும். தொகையைப் பற்றி உடன்பாடு ஏற்படாவிட்டால், உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி நியமிக்கும் நடுவர் தீர்மானிக்கவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 258-ஆவது பிரிவு கூறுகிறது. வேளாண்மை ஆராய்ச்சித் திட்டங்கள் அந்தப் பிரிவின்கீழ் நடப்பவை அல்ல, உடன்படிக்கையின்கீழ் நடப்பவை. ஆயினும் நீதி ஒன்றே. என் வேலையை நீ செய்தால், உன் செலவை நான் ஏற்கவேண்டும். ஒத்துவரவில்லையென்றால் நடுவரிடம் போவோம். இதை வகுத்தவர்கள் பிரிவினைவாதிகள் அல்ல. நாட்டின் அரசியல் சட்டத்தை இயற்றியவர்கள்!

நம் பக்கத்துக் கடமை

தோழர்களே, கணக்குக் கேட்பவன் கணக்குக் காட்டவும் வேண்டும். இதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் உங்களுக்கு நேர்மை செய்தவனாகமாட்டேன். வாங்கிய பணத்தை இன்னதற்குச் செலவிட்டோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் உரிய காலத்தில் போய்ச் சேரவேண்டும். அது மேசையிலே தூங்கினால், அடுத்த தவணை டெல்லியிலே தூங்குவதற்கு நாமே தலையணை கொடுத்ததாகும். மாநிலத்தின் 25 பங்கும் காலத்தில் போடப்படவேண்டும். மாநில அரசு தன் கீழுள்ள நெசவாளர் சங்கத்துக்குத் தள்ளுபடிப் பாக்கி வைத்துக்கொண்டு, மத்திய அரசைப் பார்த்துப் பாக்கி கேட்டால், அந்தக் குரலுக்கு வலிமை இராது. எந்தக் கட்சி ஆண்டாலும் இது பொருந்தும். நியாயம் மேலே பார்க்கும்போது மட்டும் நினைவுக்கு வருவதல்ல. கீழே பார்க்கும்போதும் நினைவுக்கு வரவேண்டியது.

ஆகவே நாம் கேட்பது நான்கு. ஒன்று, ஓர் அமைப்பு இன்னோர் அமைப்பின் ஆராய்ச்சிக்குத் துணை நிற்கும் முன்பே, எந்தச் செலவு யாருடையது என்பது எழுத்திலே இருக்கவேண்டும். நிலமும், கட்டடமும், ஆள்நேரமும் அந்தக் கணக்கிலே ஏறவேண்டும். இரண்டு, பருவம் தொடங்கும் முன் முதல் தவணை கையிலே இருக்கவேண்டும். மூன்று, பணத்தை வைத்திருந்தவர் வட்டியைத் திருப்பித் தருவது போல, பணத்தைத் தாமதித்தவரும் வட்டியோடு தரவேண்டும். நான்கு, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது என்பதை ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் முன் வைக்கவேண்டும்.

இதற்கு நீங்கள் செய்யவேண்டியது என்ன? உங்கள் பகுதியில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்லுங்கள். அங்கே வேலை செய்யும் தினக்கூலிப் பெண்களைக் கேளுங்கள், கூலி கடைசியாக எப்போது வந்தது என்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையிலே இருக்கிறது; ஒரு மனுவை எழுதுங்கள். மத்தியக் கழகம் கொடுத்தது எவ்வளவு, மாநிலம் கொடுத்தது எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று கேளுங்கள். தேதியைக் கட்டாயம் கேளுங்கள்! தொகையைக் காட்டித் தாமதத்தை மறைப்பார்கள். தேதி அதை மறைக்கவிடாது. கிடைத்த பதிலைப் படிப்பகத்துப் பலகையிலே எழுதி வையுங்கள். நம் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பிவையுங்கள். உணர்ச்சி முழக்கம் ஒரு நாள் ஒலிக்கும். ஒழுங்காக எழுதிய கணக்கு ஓராயிரம் நாள் நிற்கும்.

கூலி கேட்ட நெசவாளியைக் குற்றவாளி என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. சங்கம் அமைத்து, கணக்கு எழுதி, அந்தக் காலத்தை மாற்றினோம். அரசுகளுக்கு இடையேயும் அந்த நேர்மை வந்தாக வேண்டும். வேலை செய்தவருக்கு உரியதை, வேலை செய்த காலத்திலேயே கொடு! இதுதான் நம் கோரிக்கை. இதிலே குறைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.